நட்புக்கு நாலு வரி: வாசகர் கேள்விகள், அச்சகக்காரர் பதில்கள்

செங்கோட்டையில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று ஊர்க்காரர்களின் நல்லதும் கெட்டதும் எழுத்தாகி என் மேஜை வழியாகத்தான் போகும். அதனால்தான் ஆசிரியர் இந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்தார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: நண்பருக்குப் பரிசாகச் சொந்த வார்த்தையைக் கொடுப்பது. கவிதையாக, கடிதமாக, வாழ்த்துமடலாக. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*

கேள்வி: அண்ணாச்சி, நான் அங்கன்வாடியில் ஆயாவாக இருக்கிறேன். எங்கள் டீச்சர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். எல்லோரும் சேர்ந்து மோதிரம் போடுகிறார்கள், என் பங்கையும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் என் கையால் தனியாக ஒன்று கொடுக்க ஆசை. கவிதை எழுதிப் பார்த்தேன், இத்துடன் இருக்கிறது. திருத்தித் தருவீர்களா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: தங்கச்சி, நீங்கள் அனுப்பிய வரிகளை நிதானமாகப் படித்தேன். 'அன்பின் சிகரமே, பண்பின் இமயமே, அறிவின் கலங்கரை விளக்கமே' என்று போகிறது. எழுத்துப்பிழை இல்லை. ஓசையும் சரியாகத்தான் விழுகிறது. ஆனால் இதைக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள எந்த டீச்சருக்கும் கொடுக்கலாமே. உங்கள் டீச்சர் இதில் எங்கே இருக்கிறார்?

அவர் உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கிறார். 'அவங்க எனக்கு ஏன் முக்கியம்னு நீங்க தெரிஞ்சுக்கணும்' என்று சொல்லி, உங்கள் மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராமல் இருந்த கதையை எழுதியிருக்கிறீர்கள். கஞ்சியும் பயறும் கொடுக்கிற நேரத்தில் டீச்சர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாராம். இந்தப் பக்கம்தான் உங்கள் பரிசு. அதை எடுத்து வரிவரியாக உடைத்துப் போட்டிருக்கிறேன். 'அவங்க' என்பதை 'நீங்க' என்று மாற்றியதைத் தவிர ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை:

மத்தியானம் கஞ்சி நேரம்.
என் பையன் பேரை நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க, அக்கா,
கையில கரண்டியோட.
அவன் பேசலை.
மறுநாளும் கூப்பிட்டீங்க.
ஊர்ல எல்லாரும் டாக்டர் பேரு சொன்னாங்க,
நீங்க அவன் பேரைச் சொன்னீங்க.
ஒருநாள் அவன் 'போதும்'னான்.
நீங்க கரண்டியைப் போட்டுட்டு
அடுப்படிக்கு ஓடி வந்தீங்க என்னைக் கூப்பிட.
இப்ப பாலக்காட்டுல காலேஜ் போறான்.
போன்ல பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறான்.

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். 'நன்றி' என்று தனியாகப் போட வேண்டாம், அது முழுக்க நன்றிதான். 'நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள்' என்று மேடைத் தமிழுக்கு மாற்றாதீர்கள். கடிதத்தில் சில இடத்தில் 'டீச்சர்' என்றும் சில இடத்தில் 'அக்கா' என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகள் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது எப்படிக் கூப்பிடுவீர்களோ அதையே வையுங்கள்.

நண்பரைப் பாராட்டி எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் குணம்தான் முதலில் வரும். பொறுமைசாலி, தங்கமான மனசு, யாருக்கும் தீங்கு நினைக்காதவர். குணத்தைச் சொன்னால் கேட்கிறவருக்குக் கூச்சம்தான் வரும். அவர் செய்ததைச் சொல்லுங்கள். அதுவும் அவரே மறந்துபோன ஒன்றாக இருந்தால் ரொம்ப விசேஷம். தான் செய்த ஒரு சின்னக் காரியத்தை இத்தனை வருஷமாக ஒருத்தி மனசில் வைத்திருக்கிறாள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.

அப்புறம், கையால் எழுதுங்கள். ஜெல் பேனா வேண்டாம், பல ஜெல் மைகள் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே கலைந்துவிடும், கண்ணீரும் தண்ணீர்தானே. சாதாரண பால்பாயிண்ட் பேனாவே போதும். விழா மேடையில் கொடுக்காதீர்கள். அங்கே வாங்கி உடனே பக்கத்து நாற்காலியில் வைக்கத்தான் நேரம் இருக்கும். விழாவுக்கு முந்தின நாள் அங்கன்வாடியைப் பூட்டும்போது கையில் கொடுங்கள்.

*

கேள்வி: எங்கள் செட்டில் ஒருவனுக்குக் கல்யாணம். போன தடவை பிளெக்ஸ் வைத்தோம், இந்தத் தடவை பழைய மாதிரி வாழ்த்துமடல் பிரேம் போட்டு மண்டபத்தில் வாசித்துக் கொடுக்கலாம் என்று முடிவு. பாட்டை போனில் செயலியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாமா? நிமிஷத்தில் அருமையாகத் தருகிறது.
- ஒரு நண்பர் குழு, புளியரை

பதில்: தம்பிகளா, பிளெக்ஸை விட்டதற்கு முதலில் பாராட்டு. நம் பக்கத்தில் கல்யாண பிளெக்ஸ் மறுவாரமே மாட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போய்விடுகிறது, மாப்பிள்ளை முகம் மழையில் நனைந்துகொண்டு கிடக்கும்.

நீங்கள் கேட்பது புதிய விஷயம் இல்லை. ஈய எழுத்துக் காலத்திலேயே அச்சகங்களில் வாழ்த்துமடலுக்கென்று சில விருத்தங்களைக் கோத்து, நூல் சுற்றிக் கட்டி, அப்படியே அலமாரியில் வைத்திருப்பார்கள். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி' வகையறா. யாராவது வந்தால் பழைய மணமக்கள் பெயரைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பெயரைச் செருகி ஓட்ட வேண்டியதுதான். 'முருகன்' இருந்த இடத்தில் 'பாலசுப்பிரமணியன்' வந்தால் வரி பிதுங்கும். இடைவெளிக் கட்டைகளை எடுத்துவிட்டுத் திணிப்பார்கள், விருத்தம் நொண்டும். வாசிக்கிறவரும் கவனிக்க மாட்டார், கேட்கிறவரும் கவனிக்க மாட்டார். உங்கள் செயலி பெயரை நொண்டாமல் சேர்க்கும், அவ்வளவுதான். உங்கள் நண்பனைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? நீங்கள் சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நேராக அவனிடமே சொல்லிவிடலாமே. சந்திப்பிழை பார்க்க வேண்டுமானால் அதனிடம் கொடுங்கள், தப்பில்லை.

நான் சொல்கிற வழி இது. செட்டில் எத்தனை பேரோ அத்தனை வரி. ஆளுக்கொரு வரி, அவரவர் கையெழுத்தில், கீழே அவரவர் பெயர். அவன் உங்களுக்குச் செய்த ஒரு காரியம், அல்லது உங்களில் ஒருவர் மட்டுமே பார்த்த ஒன்று. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே தாளில் சேர்த்துத் தரச் சொன்னால் எந்த டிடிபி கடையிலும் செய்வார்கள். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். இருபது வருஷம் கழித்து அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துத்தான் யார் எழுதியது என்று பெயரைப் படிக்காமலே சொல்வான்.

மூன்று எச்சரிக்கை. பெண் வீட்டார் முன்னால் வாசிக்கப் போகிறீர்கள், பழைய காதல் கதை, குற்றாலத்தில் ராத்திரி அடித்த கூத்து எதுவும் வேண்டாம். தாலி கட்டியதும் எல்லோருக்கும் பந்தி ஞாபகம் வந்துவிடும், அதனால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது. அப்புறம் பிரேம். கண்ணாடி நேராகத் தாளில் படும்படி போட்டால் நம் சாரல் காற்று ஈரத்துக்குத் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். நடுவில் அட்டை வைத்து இடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்கள்.

*

கேள்வி: ஐயா, நான் தறி வேலை பார்க்கிறேன். பக்கத்துத் தறிக்காரர் சின்ன வயசிலிருந்து நண்பர், தெலுங்குக்காரர். தமிழ் நம்மைப் போலவே பேசுவார், ஆனால் படிக்க வராது. எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத வராது. அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுக்க ஆசை. எந்த மொழியில் எழுதுவது?
- வாசகர், நகரி, ஆந்திரம்

பதில்: நீங்கள் இருவரும் தறி ஓடும்போது எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்களோ அதில்தான். அறுபது வயசு நண்பருக்கு, யாரோ மொழிபெயர்த்த தெலுங்கில் நீங்கள் பேசினால், அவருக்கு வேறு ஆள் பேசுவதுபோல இருக்கும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவீர்கள் என்றால் கலந்தே எழுதுங்கள்.

எழுத்து மட்டும் அவருடையதாக இருக்கட்டும். பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளை ஒன்றைப் பிடித்து உட்கார வையுங்கள். நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல அது தெலுங்கு எழுத்தில் எழுதட்டும். 'ழ' வருகிற இடத்தில் மட்டும் பிள்ளை திகைக்கும், தெலுங்கில் இன்று அதற்கு வழக்கில் எழுத்து இல்லை. 'ள'வுக்கு உரிய எழுத்தைப் போடச் சொல்லுங்கள், அவர் வாசிக்கும்போது தானாகச் சரியாகிவிடும். பாலக்காடு, இடுக்கிப் பக்கத்து வாசகர்களுக்கு இந்தச் சிக்கலும் இல்லை. மலையாளத்தில் ழ, ள, ற, ண எல்லாவற்றுக்கும் எழுத்து இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த எத்தனையோ பேர் அங்கே இருக்கிறார்கள். தமிழ்க் கடிதத்தை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் தடங்கல் இல்லாமல் வாசித்துவிடுவார்கள்.

தாளின் கீழே மட்டும் உங்கள் பெயரைத் தமிழில், உங்கள் கையால் எழுதுங்கள். அந்த ஒன்றை அவர் படிக்கத் தெரியாமலே படித்துவிடுவார்.

*

கேள்வி: என் அப்பா சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒப்பந்தத்தில் இந்தியா வந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் வேலைக்கு வந்தோம். சிலோனில் அவரோடு ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த கூட்டாளி ஒருவர் நீலகிரிக்குப் போய்விட்டார், இன்னும் இருக்கிறார். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. கூட்டாளிக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்கிறார். வேட்டி, சட்டை எடுத்து அனுப்பட்டுமா?
- வாசகர், புனலூர் பக்கம்

பதில்: வேட்டியும் அனுப்புங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் அப்பா கேட்பது அது இல்லை என்று தோன்றுகிறது.

1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் வந்தவர்களை எங்கெங்கேயோ பிரித்துக் குடிவைத்தார்கள். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், இங்கே புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் (அறையில்) இருந்தவர்கள் வேறு வேறு மாநிலத்தில் போய் விழுந்தார்கள். அப்படிப் பிரிந்த இரண்டு பேருக்கு நடுவில், அந்த மலையைப் பற்றிப் பேச இன்றைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஒரு சாயங்காலம் அப்பா பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். 'அவருக்கு என்ன எழுதணும்?' என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் 'சௌக்கியமான்னு கேளு, வேறென்ன' என்று முடித்துவிடுவார். 'பெரட்டுக்களத்தில் நீங்க ரெண்டு பேரும் எங்க நிப்பீங்க?' என்று, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற அந்த இடத்தை வைத்துக் கேளுங்கள். 'லயத்துக்குப் பின்னால என்ன இருந்துச்சு? யாரு வீட்டு ரொட்டி நல்லா இருக்கும்? கங்காணி யாரைத் திட்டுவார்?' என்று கேளுங்கள். இடத்தைக் கேட்டால் ஆள் வருவார். அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுங்கள். கொழுந்து, பெரட்டு, காம்பரா என்று அவர் சொல்கிற எதையும் நம் ஊர் வார்த்தைக்கு மாற்றாதீர்கள். ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னால் இரண்டு தடவையும் எழுதுங்கள். பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் நீங்களும் இருங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

முடிந்ததும் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தம் சொல்வார். பெயர்களில் கண்டிப்பாகச் சொல்வார். கடைசியில் அவர் கையைப் பிடித்து, எப்படி வந்தாலும் சரி, கையெழுத்துப் போட வையுங்கள்.

அந்தக் கூட்டாளிக்கும் கண் மங்கியிருக்கலாம். அதனால் பெரிய எழுத்தில், வரிக்கு வரி நிறைய இடம் விட்டு எழுதுங்கள். அங்கே யாரோ ஒரு பேத்தி உரக்க வாசிக்க வேண்டிவரும், அவளுக்குப் புரியாத இடங்களில் அவர் விளக்கம் சொல்வார். அந்தப் பேத்திக்கும் அது பரிசுதான். அனுப்புகிறதற்கு முன் ஒரு நகல் எடுத்து உங்கள் வீட்டில் வையுங்கள். உங்கள் பிள்ளைகள் ஒருநாள் தேடுவார்கள்.

*

கேள்வி: என் தோழியின் கணவர் இறந்துவிட்டார். வண்டிப்பெரியாற்றில் இருக்கிறாள். சாவுக்குப் போய் வந்தேன், பேசவே முடியவில்லை. கவிதை மாதிரி ஏதாவது எழுதி அனுப்பினால் ஆறுதலாக இருக்குமா?
- வாசகி, குமுளி

பதில்: அம்மா, கவிதை வேண்டாம். கடிதம் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல்.

கண்ணீர் அஞ்சலி அச்சடித்தே பழகிய கை என்னுடையது. 'காலம் உன் காயத்தை ஆற்றும்', 'ஆண்டவன் சித்தம்', 'தைரியமாக இரு' என்ற மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். இவை எல்லாமே அவளை அழாமல் இருக்கச் சொல்கிற வார்த்தைகள்.

நீங்களே ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். அவர் ஜீப் ஓட்டினவர், கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றி இறக்குபவர், சாயங்காலம் திரும்பும்போது எல்லோரும் ஏறியாச்சா என்று தலையை எண்ணிப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டார், ஒருத்தி குறைந்தாலும் மழையில் இறங்கிப்போய்த் தேடுவார் என்று. இதை உங்கள் தோழி பார்த்திருக்க முடியாது, அவள் வீட்டில் இருந்தவள். அவர் வெளியே எப்படி இருந்தார் என்பதை உங்களால்தான் அவளுக்குக் கொடுக்க முடியும். அதை எழுதுங்கள். அவர் பெயரைச் சொல்லி எழுதுங்கள். இறந்தவர் பெயரைச் சொல்ல எல்லோரும் தயங்குவார்கள், வீட்டுக்காரிக்கோ அதைக் காது கேட்க வேண்டும்போல இருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை வீடு நிறைய ஆள் இருக்கும். அதன் பிறகு போய்ச் சேரும்படி அனுப்புங்கள். 'எந்த உதவி வேணும்னாலும் கேளு' என்று முடிக்காதீர்கள், அவள் கேட்க மாட்டாள். 'அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் வர்றேன், சாப்பாடு கொண்டு வர்றேன்' என்று எழுதுங்கள். எழுதிவிட்டுப் போய் நில்லுங்கள்.

*

கேள்வி: நண்பருக்குக் கவிதையைப் பரிசாகக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டா, இல்லை வாழ்த்து அட்டைகளோடு வந்ததா? கல்லூரியில் பேசுவதற்காகக் கேட்கிறேன்.
- மாணவி, தென்காசி

பதில்: வாழ்த்து அட்டைக்கு எவ்வளவோ முந்தியது, மகளே. புறநானூற்றை எடுத்துப் பார். உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டில் பிசிர் என்ற ஊரில் ஆந்தையார். நேரில் பார்த்துக்கொள்ளாமலே நண்பர்கள். பறந்து போகிற அன்னத்திடம், 'சோழனிடம் போய் நான் பிசிர் ஆந்தையின் ஆள் என்று சொல், உன் பெடைக்கு நகை தருவான்' என்று பாடுகிறார் ஆந்தையார். இது 67-ஆம் பாட்டு. சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல், உயிர்விடத் துணிந்தபோது, 'என் நண்பன் வருவான், அவனுக்கு இடம் விட்டு வையுங்கள்' என்கிறான். அதற்கு அவன் சொல்கிற காரணத்தைக் கவனி: 'தன் பெயரைச் சொல்லும்போது என் பெயரைத் தன் பெயராகச் சொல்கிறவன் அவன்.' 216-ஆம் பாட்டு. ஆந்தையாரும் வந்து சேர்ந்தார். நான் படித்த வரையில் நட்பைப் பற்றி இதைவிடப் பெரிதாக யாரும் எழுதவில்லை.

உன் ஊர்ப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. 1954-ல் காலமானார். கம்பனை ரசித்துச் சொன்னவர் என்று எல்லோருக்கும் தெரியும், அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களும் அதே அளவுக்குப் பேசப்பட்டவை. வாங்கினவர்கள் பத்திரமாக வைத்திருந்ததால்தான் பிறகு புத்தகமாயின. கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சிநேகிதர்கள். அழகிரிசாமி 1970-ல் மறைந்தார். அவர் தனக்கு எழுதிய கடிதங்களைக் கி.ரா. பாதுகாத்துப் பிறகு வெளியிட்டார். இந்த இரண்டிலும் நீ பார்க்க வேண்டியது கடிதம் எழுதினவரை மட்டும் இல்லை, வைத்திருந்தவரையும்தான்.

ஒரு வேறுபாட்டையும் பேச்சில் சேர்த்துக்கொள். சீட்டுக்கவி என்று ஒன்று உண்டு, பாட்டாகவே எழுதுகிற கடிதம். பாரதி கடையத்தில் இருந்த காலத்தில், 1919-ல், எட்டயபுரம் ஜமீன்தாருக்கு எழுதினது அந்த வகை. அது புரவலரிடம் ஆதரவு கேட்கிற பாட்டு, கம்பீரம் குறையாமல் கேட்கிற பாட்டு. நண்பனுக்கு எழுதுகிற பாட்டில் கேட்பது எதுவும் இருக்காது. அன்னத்தை அனுப்பின ஆந்தையார் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை, அன்னத்தின் பெடைக்கு நகை கிடைக்கும் என்றுதான் சொல்கிறார். நீ மேடையில் பேச இது ஒன்றே போதும்.

செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்த ஊர் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். திருவிதாங்கூருக்குத் தனியாகவே அஞ்சல் இலாகா இருந்தது, 1951-ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அதுவரை பக்கத்திலிருக்கிற குற்றாலத்தில் இந்தியத் தபால், செங்கோட்டையில் திருவிதாங்கூர் அஞ்சலும் உண்டு. அன்றைக்கு இங்கே பக்கத்து ஊருக்குப் போகிற கடிதம்கூட எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது என்பதையும் மனசில் வைத்துக்கொண்டு பேசு.

*

கேள்வி: தோழியின் பிறந்தநாளுக்கு ஒரு நோட்டு முழுக்க எங்கள் நினைவுகளை எழுதிக் கொடுத்தேன், படம் ஒட்டி, கவிதை எழுதி. வாங்கிக்கொண்டு 'நல்லாயிருக்குடி' என்றாள், அவ்வளவுதான். மனசு விட்டுப்போயிற்று.
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: புடவை கொடுத்திருந்தால் உடுத்திக் காட்டியிருப்பாள், அதைப் பார்த்து உங்களுக்கும் நிறைந்திருக்கும். எழுத்தை வாங்கினவர் அந்த இடத்திலேயே என்ன செய்வது? உங்கள் முன்னால் வைத்து ஒரு நோட்டைப் படிக்க முடியாது, படித்தாலும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாது. கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு 'நல்லாயிருக்குடி' என்பதே பெரிய வார்த்தை.

'படிச்சியா, எந்தப் பக்கம் பிடிச்சுது?' என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் அது பரிசாக இருக்காது, பரீட்சையாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா தன் சிநேகிதிக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். 'நீ எனக்குக் குடையைக் கொடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டு ஆரியங்காவு பஸ் ஏறினே. சீட் இருந்தும் உட்காரலை, ஈரம் அடுத்தவங்க மேல படும்னு நின்னுக்கிட்டே வந்தே' என்று ஆரம்பிக்கும். வாங்கின அன்றைக்கு அந்தச் சிநேகிதி ஒன்றும் சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அந்தத் தாளை என்னிடம்தான் கொண்டுவந்தார்: மடிப்பில் கிழிந்துவிட்டது, ஒட்டித் தர முடியுமா என்று. லேமினேஷன் போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, பின்பக்கம் மெல்லிய தாள் வைத்து ஒட்டிக் கொடுத்தேன். சூட்டில் ஒட்டுகிற பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. அது மட்டும் இல்லை, அந்தத் தாளை அவர் விரலால் தொட்டுத் தொட்டுத்தான் படிக்கிறார்.

அதனால் பொறுங்கள். நோட்டு அவளிடம் இருக்கிறது.

*

கேள்வி: நண்பனுக்கு எழுதத் தொடங்கி, முடிக்காமல், அவன் பிறந்தநாள் போயே போய்விட்டது. அடுத்த வருஷம் கொடுத்தால் போதுமா?
- வாசகர், சித்தூர், பாலக்காடு

பதில்: எதற்கு அடுத்த வருஷம்? மேலே இன்றைய தேதியைப் போடுங்கள். தாமதத்துக்கு விளக்கம் எழுதி முதல் பத்தியை வீணாக்காதீர்கள், நேராக விஷயத்துக்கு வாருங்கள். பிறந்தநாள் அன்றைக்கு அவனுக்கு வாழ்த்து நிறைய வந்திருக்கும். ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை உங்களுடையது மட்டும் போய்ச் சேரட்டும். எழுதினவரைக்கும் போதும், கையெழுத்தைப் போட்டு உறையில் வையுங்கள்.